மூன்றாம் படி

விருந்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம்.
டுலூத்தின் ஏரிக்காற்று
வாசற்படியை மறுபடி கண்ணாடியாக்கிவிட்டது.

உப்பை அள்ளி வீசுகிறேன்,
மூன்றாம் படிக்கு மட்டும் கூடுதலாய் இரண்டு பிடி.
போன கிறிஸ்துமஸுக்குத் தங்கை புருஷன் ரெய்னோ
விழுந்தது அங்கேதான்:
முதலில் கையிலிருந்த மீன் தட்டு,
அப்புறம் இடுப்பு.

மார்ச்சில் வக்கீல் கடிதம்.
அவன் பெயர் மேலே, என் பெயர் கீழே,
இடையில் 'எதிர்' என்று ஒரே சொல்.
"நான் இல்லை ஐலா, என் காப்பீட்டுக் கம்பெனி" என்றான் போனில்.
எனக்காகப் பேசியதும் ஒரு கம்பெனிதான்.
நாங்கள் இருவரும் பனிப்பொழிவைப் பற்றிப் பேசி
போனை வைத்தோம்.

உப்பிட்டவளை யாரும் நினைப்பார்களோ என்னவோ,
இடாதவளை வக்கீல் மறப்பதில்லை.

சுருண்ட கம்பள மூலையை டேப் போட்டு ஒட்டியாயிற்று.
மதுப்புட்டிகளின் பக்கத்தில் கார்ச் சாவிகளுக்கு ஒரு கிண்ணம்.
இப்போது படிகளைப் படமெடுக்கிறேன்,
தேதியும் மணியும் தெரிகிற மாதிரி.

கார்க் கதவு சாத்துகிற சத்தம்.
நேரத்துக்கு முன்பே ரெய்னோ, கைத்தடியோடு.
மூன்றாம் படியில் நின்று
உப்பைப் பார்க்கிறான், என் போனைப் பார்க்கிறான்.
"எடு, எடு.
இந்த வருஷம் படத்தில் மட்டும் விழுகிறேன்."

சிரிக்கிறேன். அவனும்.
கைப்பிடிக் கம்பியை மட்டும் விடவில்லை.