மற்றவை என்ற கட்டம்

வால்டிவியாவில் மார்ச் மாதம்
மழை பிடித்துக்கொள்ளும் வாரத்தில்தான்
சாவி கேட்டு வருவார்கள்.
தாவரவியல் கட்டடம், மூன்றாம் மாடி.
படிவத்தை நீட்டுவது என் வேலை.

பெயர். ரத்தவகை.
எதற்காவது ஒவ்வாமை உண்டா.
அதற்குக் கீழே கட்டங்கள்:
இளநிலை, முதுநிலை, முனைவர்,
முனைவருக்குப் பின், ஆசிரியர்,
மற்றவை.
ஒன்றில் மட்டும் குறியிடவும்.

நெரேயா இளநிலையில் குறியிட்டாள்.
பத்தொன்பது வயது.
சட்டைக் கையிலிருந்து சொட்டிய நீரில்
அவள் பெயர் ஊதாவாய்க் கரைந்து
ரத்தவகை வரைக்கும் ஓடியது.
"செடியைத் தொடலாமா?"
முதல் மூன்று வாரமும்
கண்ணாடிக் குடுவைகளைத்தான் தொட்டாள்.
நாலாம் வாரம்
இடுக்கி முனையில் ஒரு விதை எடுத்தாள்,
மணலைவிடச் சின்னது.
தும்மினாள்.
விதை போன இடம்
இன்றுவரை யாருக்கும் தெரியாது.

தர்மோ எஸ்தோனியாவிலிருந்து வந்தான்,
இரண்டு பெட்டியோடு.
முனைவருக்குப் பின் என்றும் ஒரு வாழ்க்கை இருக்கிறதாம்;
இரண்டிரண்டு ஆண்டாக நறுக்கித் தருவார்களாம்.
"நான்காவது நாடு" என்றான்,
"ஐந்தாவது குளிர்பதனப் பெட்டி."
வீடு பார்க்கும் முன்பே
அதில் ஒரு தட்டுக்குத் தன் பெயரை ஒட்டிவிட்டான்.
மகளுக்கு முதல் பல் விழுந்த சேதி
தொலைபேசியில் வந்தபோது
வேர் அளந்துகொண்டிருந்தான்.
எடுத்த எடுப்பில்
"ஒன்பது மில்லிமீட்டர்" என்றிருக்கிறான்.
அவள் சிரித்ததைத்
திரும்பத் திரும்பச் சொன்னான் எங்களிடம்.
அன்று மீதி வேரை அளக்கவில்லை.

நான் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்தாறு.
அதுவரை புவெர்ட்டோ மொந்த்தில்
சால்மன் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஆலை மூடியது.
கை அதே கை,
கையுறைதான் வெள்ளையிலிருந்து நீலமானது.
ஆனாலும் முதல் மாதம் முழுக்க,
அண்டார்க்டிகாப் புல் வளரும் குளிரறைக்குள்
கதவைச் சாத்திக்கொண்டு
என் தலைமுடியை நானே முகர்ந்து பார்ப்பேன்.
நான்கு டிகிரியில் எதற்கும் வாசமில்லை.
புல் மட்டும் பச்சையாய் நின்றது,
என்னைக் கண்டுகொள்ளாமல்.
அது பெரிய ஆறுதலாய் இருந்தது.

எனக்கென்று படிவத்தில் கட்டமில்லை.
மற்றவையில் குறியிட்டேன்.
பதினோரு வருடமாக
அந்தக் கட்டத்தில் நான் மட்டும்தான்
குடியிருந்தேன்.

இந்த மார்ச்சில்
ஓர்த்தென்சியா ஓயார்சுன் வந்து நின்றார்.
முப்பத்தொரு வருடம் இந்த ஆய்வகத்தை நடத்தியவர்.
டிசம்பரில் கேக் வெட்டி அனுப்பிவைத்தோம்,
சாவி எண் ஒன்றைத் திருப்பி வாங்கிக்கொண்டு.
"வாரம் இரண்டு நாள்" என்றார்,
"சம்பளம் வேண்டாம். விதை பிரிக்கிறேன்."

விதி விதிதான். படிவத்தை நீட்டினேன்.
அதை எழுதியதே அவர்தான்.
மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு
யாரோ எழுதியதைப்போல் படித்தார்.
பேனா ஆசிரியரின் மேல் கொஞ்சம் நின்றது.
பிறகு இறங்கியது.
"இந்தக் கட்டத்தை ஏன் இவ்வளவு
சின்னதாய்ப் போட்டேன்?"
எனக்கும் தெரியவில்லை என்றேன்.
பொய். பலமுறை கோபத்தோடு
அளந்து பார்த்திருக்கிறேன்.

பதினேழாம் எண் சாவி கொடுத்தேன்,
பூட்டில் கொஞ்சம் சிக்கும்.
காலியாயிருந்தது நெரேயாவின் மேசைப் பக்கம்தான்.
அவளுக்கு இவர் யாரென்று தெரியாது.
விதைக் குப்பியைத் திறந்தவரிடம்
தாழ்ந்த குரலில், மிகவும் பொறுப்பாக,
"மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள் அம்மா,
தும்மல் வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்"
என்றாள்.

தர்மோ என்னைப் பார்த்தான்.
நான் மழையைப் பார்த்தேன்.
ஆற்றோரம் மீன் சந்தைப் பக்கமிருந்து
கடற்சிங்கம் ஒன்று ஏப்பம் விட்டது.
ஓயார்சுன் மூச்சை அடக்கிக்கொண்டார்,
கன்னம் லேசாய் உப்ப.

வெள்ளிக்கிழமை
நீரூற்றும் பட்டியலைச் சுவரில் மாற்றப் போனேன்.
யாரும் எழுத விரும்பாத
ஈஸ்டர் ஞாயிற்றுக் கட்டத்தில்
ஏற்கெனவே ஒரு பெயர்,
பட்டமில்லாமல்.
அதன்கீழே, வேறு கையெழுத்தில்:
நானும் வருவேன், குளிரறை விளக்கு
எப்படி எரியும் என்று காட்டுகிறேன். நெரேயா.