கலப்பரிசிக் கணக்கு

சனிக்கிழமை, மழை விட்ட நேரம்,
கூடையின் பட்டை நெற்றியை இழுக்க
மேட்டுத் தெருவிலிருந்து இறங்குவேன்.
நாற்பத்துமூன்று அடுப்புகள்.
ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு தகர டப்பா.
உலையில் இடுமுன் கர்த்தருக்கென்று
காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.
மிசோவில் பூஃபாய் தாம் என்போம்.
பிடி அரிசி. அவ்வளவுதான் பொருள்.

ரோகுமா வீட்டுச் சிவப்பு,
பியாக்தங்கி வீட்டுப் பசையரிசி,
கடைக்கார லியான்சாங்கா போடும் பழைய ரேஷன்
(கை பெரிது, பிடி சிறிது;
பார்த்தேன், எழுதவில்லை),
எல்லாம் கூடைக்குள் கலந்துவிடும்.
கலப்பரிசிக்குச் சம்பாய்ச் சந்தையில் விலை குறைவு:
ஒன்று வேகுமுன் மற்றது குழைந்துவிடும்.
ஆனாலும் அதில்தான்
ஆலயத்துக்குத் தகரம் மாற்றினோம்.
ஆற்றுக்கு அப்பால் ஒரு நர்சுக்குச்
சம்பளம் போனது, மாதம் தவறாமல்.

பிறகு மூங்கில் பூத்தது.
பூத்தது காய்த்தது,
காயைத் தின்று எலி பெருகியது,
காய் தீர்ந்த இரவில் சரிவெல்லாம் இறங்கியது.
விடிந்தபோது தாள் நின்றது.
கதிர் இல்லை.

அந்தச் சனிக்கிழமையும் போனேன்.
கூடையைத் தூக்கவே கூச்சம்.
டப்பாக்கள் காத்திருந்தன.
சிலவற்றில் அரைப் பிடி.
ஒன்றில் காட்டுக்கிழங்கு,
அரிசி அளவுக்கு அரிந்து, உலர்த்தி.
என்னை ஏமாற்ற அல்ல.
கை பழக்கம் மறந்துவிடாதிருக்க.

என் இளையவனுக்கு அப்போது காய்ச்சல்.
பதினோராம் இரவு.
உக்கிராண அறைச் சாவி என் இடுப்பில்.
ஒரு பிடி என்று போனேன்,
மூன்று பிடி எடுத்தேன்.
சட்டியில் ஊரே கொதித்தது:
சிவப்பு இன்னார், வெள்ளை இன்னார்
என்று எனக்குத் தெரிந்தது.
அவன் குடித்தான்.
நான் குடிக்கவில்லை என்றால் பொய்.
சட்டியை வழித்தேன்.

ஞாயிறு வாசிப்பில்
எஜமான் திரும்பி வந்து கணக்குக் கேட்கும் பகுதி.
வேண்டுமென்றே வாசித்தார்களோ?
இல்லை, அட்டவணையில் அன்றைக்கு அதுதான்.

திங்களன்று நோட்டைத் திறந்தேன்.
பற்று: மூன்று பிடி.
எடுத்தது: சோதன்பரி.
காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
பசி என்று எழுதலாம்;
நாற்பத்துமூன்று வீட்டுக்கும் அதே காரணம்.
காலியாக விட்டேன்.

தணிக்கைக்கு வந்தவள் ஹ்மிங்தன்சாமி.
பள்ளியில் என் வகுப்பு.
வரிக்கு வரி விரல் ஓடியது, அங்கே நின்றது.
நிமிர்ந்து பார்க்கவில்லை.
காலிக் கட்டத்தில் பச்சை மையால்
"கொடுக்கப்பட்டது" என்று எழுதி
அடுத்த பக்கம் திருப்பினாள்.

எனக்கு அது ஆறவில்லை.
யார் கொடுத்தார்கள்?
கிழங்கை அரிசியாக்கியவள்
என் பிள்ளையை நினைத்தா அரிந்தாள்?
அவளைக் கேட்க வாய் வரவில்லை.
இன்றுவரை கேட்கவில்லை.

மூன்றாம் வருடம் அறுப்பு திரும்பியது.
மூன்று பிடியையும் அளந்து போட்டேன்.
நோட்டில் கணக்கு நேர்.
ஆனால் உலை வைக்கும்போது
என் பிடிக்குப் பிறகு கை மறுபடி உள்ளே போகிறது.
கடனா, காணிக்கையா?
கைக்குத் தெரியும்போல.
என்னிடம் சொல்வதில்லை.

இப்போதெல்லாம் பாதித் தெருவிலேயே
கூடை விளிம்பு தொட்டுவிடுகிறது.
குலுக்கி, அமுக்கி, மறுபடி கொட்டி இறங்குகிறேன்.
வளைவில் சிந்துகிறது.
யார் வீட்டுக் கோழிகளோ
பின்னாலேயே வருகின்றன.

அதை நான் எழுதுவதில்லை.