அடிவயிறு

மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது.
சிலோயே தீவின் மழை மட்டும் தீரவில்லை.
துறையில் நின்றபடி ருடெசிந்தோ
பெட்ரோல் கேனை நீட்டுகிறான்:
"எரிந்தால் சரி, எதுவானால் என்ன?"

எதுவானால் என்னவா.
இதன் ஆவி மேலே போகாது.
பலகை இடுக்கில் இறங்கிப்
படகின் அடிவயிற்றில்
சத்தமில்லாமல் படுத்துக்கொள்ளும்,
ஒரு பொறி வரும்வரை.
வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு
என்னால் வலை இழுக்க முடியாது.

பர்னரைச் சூடேற்ற வைத்த ஸ்பிரிட்
அரை பாட்டில் இருக்கிறது.
தண்ணீருக்கு அடங்கும் தீ.
ஆனால் பகலில் கண்ணுக்குத் தெரியாது;
எரிகிறதா என்று
உள்ளங்கையைத்தான் கேட்க வேண்டும்.

கேட்டேன்.
சுட்டது.
மாத்தே தண்ணீருக்குக் கெட்டிலை வைத்தேன்.

ருடெசிந்தோ இன்னும் கேனோடு நிற்கிறான்.
சிகரெட் மட்டும்
காதுமேல் செருகியபடி இருக்கிறது,
பற்றவைக்காமல்.