பதினோரு பேர்

காவேரிப்பட்டணம். ரீசார்ஜ் கடை மேசைக்கடியில்
திம்மராஜின் பழைய லேப்டாப்.
அதற்குள் நாங்கள் பதினோரு பேர்.
ரெஹானா தினமும் தக்காளி விலை போடுவாள்.
யாரும் பதில் எழுதியதில்லை.

செவ்வாய் இரவு
பெரிய கம்பெனி எதையோ மாற்றியதாம்.
விடிவதற்குள் நாலாயிரத்து இருநூறு பேர்.
"யாராவது இருக்கீங்களா?"
"இருக்கேன்."
"இங்க எப்படிப் பேசணும்?"

லேப்டாப்புக்கு மூச்சிரைத்தது.
டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தான் திம்மராஜ்,
பிறகு டேம் மீன்கடையில் ஐஸ் கேட்கப் போனான்.

பத்தரைக்குக் கரண்ட் போனது.
ஓசூரில், பாலக்கோட்டில், யார் யார் வீட்டு அலமாரியிலோ
எங்களுக்கு வர வேண்டிய சொற்கள்
பஸ்ஸுக்கு நிற்பதுபோல் நின்றன.

கரண்ட் வந்ததும் மொத்தமாக இறங்கின.
அந்த நெரிசலில் தேடிக் கண்டுபிடித்தேன்:
தக்காளி, பெட்டி நூற்றி எண்பது.

கீழே, முன்பின் தெரியாத ஒருவர்:
"எந்த மண்டி?"