ரோஸ் இழை

தூர்வார வந்த ஜேசிபி
வாய்க்காலின் குறுக்கே புதைத்திருந்த கறுப்புக் கேபிளை
வேர் என்று நினைத்து இழுத்தது.
ஓட்டுநர் குலோத்துங்கன் மேல் குற்றமில்லை.
மண்ணுக்குள் இருக்கையில்
இரண்டும் ஒன்று போலத்தான்.

நூற்று முப்பத்தேழு வீட்டு மோடத்தில் சிவப்பு விளக்கு.
என் செல்லில் அறுபது மிஸ்டு கால்.

தண்ணீர் கல்லணையைத் தாண்டி எட்டு நாள்.
லஸ்கர் பக்கிரிசாமி சொன்னார்:
"நாலு மணிக்குள்ள முடிச்சிடு.
அதுக்கு மேல ஷட்டரைப் புடிச்சிக்கிட்டு நிக்க முடியாது.
வெதைச்சவன் எல்லாம் என்னைத்தான் பாக்குறான்."

அறுந்த முனைகள் இரண்டும்
கரைவரை இழுத்தால் வரவில்லை.
சந்திக்கிற இடம் வாய்க்காலின் நடு.
அங்கேயே உரச்சாக்கை விரித்து உட்கார்ந்தேன்.
இன்னாசி குடை பிடித்தான்,
வெயிலுக்கு அல்ல, புழுதிக்கு.
ஒரு தூசு போதும்
ஒளி தடுக்கி விழ.

உரித்தால் பன்னிரண்டு இழை.
ஒவ்வொன்றும் தலைமுடி கனம்.
ஸ்பிரிட்டில் துடைத்து, நறுக்கி,
மிஷினுக்குள் எதிரெதிரே வைத்து மூடினால்
சின்னத் திரையில் இரண்டு தூண்கள்
ஒன்றையொன்று பார்த்தபடி நகரும்.
ஒரு பொறி.
அப்புறம் தூண் ஒன்றுதான்.
எத்தனை முறை பார்த்தாலும்
அந்த நொடியில் நான் மூச்சு விடுவதில்லை.

நீலம், பள்ளிவாசல் தெரு.
மஹ்மூதாவின் வீட்டுக்காரர் குவைத்தில்
இவள் முகத்தைப் பார்த்துத்தான் மதியச் சோறு தின்பார்.
ஆரஞ்சு, இறால் குட்டைகள்.
கேமராவில் குட்டையைப் பார்க்காமல்
வைரக்கண்ணுக்குத் தூக்கம் வராது.
பச்சை, கூட்டுறவு சங்கம்.
பயிர்க் காப்பீட்டுக்கு இன்று கடைசி நாள்,
வாசலில் வரிசை.
பழுப்பு, நான் குடியிருக்கும் தெரு.
அதை எட்டாவதாகத்தான் தொட்டேன்.
என் மனைவி இன்னும் நம்பவில்லை.

எங்கள் தொழிலிலும் கடைமடை உண்டு.
ஸ்பிளிட்டர் என்பது மதகுதான்.
ஒன்று எட்டாகும், எட்டு இன்னும் எட்டாகும்.
திருத்துறைப்பூண்டியில் பளிச்சென்று கிளம்பியது
ஓரடியம்புலம் வருவதற்குள் மைனஸ் இருபத்தாறு.
இன்னும் இரண்டு குறைந்தால்
மோடம் கண்ணை மூடிக்கொள்ளும்.
தலைமடைக்காரனிடம் இதைச் சொன்னால்
"ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்பான்.

மூன்றே முக்காலுக்கே கரையில் கூட்டம் கத்தியது.
பக்கிரிசாமி என்னைப் பார்த்தார்,
பிறகு பார்க்காமல் ஷட்டரைச் சுற்றினார்.

தண்ணீரின் முன்பக்கம்
தண்ணீர் போலவே இல்லை.
சருகு, ஒற்றைச் செருப்பு, குவார்ட்டர் பாட்டில், நுரை,
எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு
நடக்கிற வேகத்தில் வந்தது.
பூவும் நெல்லும் தூவினார்கள்.
அத்தனை பேரில் நான் ஒருவன்தான்
தண்ணீரைப் பார்த்து "இரு, இரு" என்றவன்.

பதினோரு இழை ஒட்டியாயிற்று.
ரோஸ் மட்டும் மூன்று முறை முறிந்தது.
ஒவ்வொரு முறிவுக்கும் கொஞ்சம் நறுக்க வேண்டும்.
நாலாவது முறைக்கு
நறுக்க நீளம் இல்லை.
பெட்டியை மூடி, முறுக்கி,
ரப்பர் சுற்றிப் புதைத்து எழும்போது
முழங்கால் நனைந்திருந்தது.
சாக்கு மிதந்து போய்விட்டது.

கரையேறுவதற்குள் ஆளாளுக்குப் போன் அடித்தது.
மஹ்மூதா தன் போனைத் தண்ணீருக்கு நேரே நீட்டினாள்.
"கணுக்கால் அளவா, மேலயா?" என்றது குவைத்.

ரோஸ் எந்தத் தெருவுக்குப் போகிறது?
எனக்கு முன் இருந்தவன்
நோட்டில் எழுதி வைக்கவில்லை.
கூப்பிடுவார்கள், திட்டுவார்கள், தெரிந்துவிடும் என்று
ராத்திரி பதினொன்று வரை
போனைப் பக்கத்தில் வைத்திருந்தேன்.
யாரும் திட்டவில்லை.

தை வரை அந்த வாய்க்கால் வற்றாது.
அது வரைக்கும்
எங்கோ சில வீடுகளில் சிவப்பு விளக்கு.
கேட்கத் தெரியாதவர்களா,
கேட்டுக் கேட்டு விட்டவர்களா?

காலையில் எக்செல்லில்
பவர் மீட்டரை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்,
தெருத் தெருவாக,
ரோஸ் வீடு எது என்று கேட்க.