நூற்றுப் பதினான்கு

காய்ச்சலுக்கு மாத்திரை ஏற்கெனவே உண்டே என்றால்
ஃபெனுசுவா காறித் துப்புவான்:
"அது மலைநாட்டார் புல்.
கடலுக்கு மட்டும் கை இல்லையா?"

டுலியாராவுக்கு வடக்கே, பவளத்திட்டின் வெளிச்சரிவில்
முப்பது மீட்டர் இறங்கி
கட்டைவிரல் அளவுதான் வெட்டுவான்.
மீதியை அது வளர்த்துக்கொள்ளுமாம்.
கடற்பஞ்சு: ஓடத் தெரியாத பிராணி,
பல் இல்லை, ஓடு இல்லை,
ஆனாலும் மீன்கள் வாய் வைப்பதில்லை.
அந்த 'ஏன்'தான் எங்கள் சம்பளம்.

பேய்க்கணவாய் வியாபாரியின் ஐஸ் பெட்டியில்
ஓரமாய் இடம் கேட்டு ஊர் வரும்.
அரைத்து, ஆல்கஹாலில் ஊறவைத்து, வற்றவிட்டால்
மிஞ்சுவது வெல்லப்பாகு நிறத்தில் ஒரு பிசுக்கு.

சோதிக்க இரத்தம் வேண்டும்.
வங்கியில் தீர்ந்த வாரம் என் கையை நீட்டினேன்.
ஆக, மூலைத் தட்டில்
என்னையே தின்று வளர்கிறது நான் வளர்க்கும் கிருமி.
சாயமேற்றிப் பார்த்தால்
நீல மோதிரம், சிவப்பு ஒற்றைக்கல்.
நாற்பத்தெட்டு மணிக்கொரு தரம் பெருகும்,
முறைக்காய்ச்சல் முறை தவறாது.

நூற்றுப்பன்னிரண்டு பிசுக்குகள் வெறும் பிசுக்குகள்.
ஒன்று அணுக்களையும் சேர்த்து உடைத்தது;
எலிக்காக வீட்டைக் கொளுத்திய கதை.
நூற்றுப் பதினான்கில்
அணுக்கள் முழுசாய், வட்டமாய்,
மோதிரம் ஒன்றுகூட இல்லை.
பூஜ்யத்தை மூன்று முறை எண்ணினேன்.

இன்னும் வேண்டும் என்றோம்.
அதே பாறை, அதே ஆழம், அதே மஞ்சள்.
கொண்டுவந்தான். ஒன்றும் நடக்கவில்லை.
பருவமா, பஞ்சுக்குள் குடியிருந்த பாக்டீரியாவா,
அன்று அதை யாராவது மிரட்டியிருந்தார்களா?
பேராசிரியர் ரஸுவனாரிவு
கரும்பலகையில் கேள்விக்குறி போட்டுவிட்டு
டீசல் வாங்கப் போனார். மின்சாரம் இல்லை.

மழை மாதத்தில் ஒரு காலை
ஃபெனுசுவா படகுக்கு வரவில்லை.
அவன் மனைவி சுவாஸாரா ஈரக் காலோடு வாசலில்:
"நாலு போர்வை போட்டும் பல் தந்தியடிக்கிறது."
அவன் விரல்நுனித் துளியை நானே கண்ணாடியில் இழுத்தேன்.
மோதிரங்கள்.
என் தட்டில் இருப்பவை போலவே அழகாய்.
அன்றுதான் அவை எனக்கு அருவருத்தன.

மலைநாட்டுப் புல்லைத்தான் கொடுத்தோம், மூன்று நாள்.
நான்காம் நாள் கஞ்சி கேட்டான்.
"புல் ஜெயித்தது" என்றேன்.
பதில் சொல்லாமல் கிண்ணத்தை வழித்தான்.
பிறகு, எதையோ நினைத்தவனாய்:
"முதல் தடவை வெட்டியது பாறையின் அடிப்பக்கம்.
வெயில் படாத இடம். நீ கேட்கவே இல்லையே."

பதிவேட்டில் அளவுகோல் வைத்து
புதிதாய் ஒரு கட்டம் கிழித்தேன்.
தலைப்பில் 'நிழல்' என்று எழுதினேன்.
மேலே இருநூறு வரிகளுக்கு
அந்தக் கட்டம் காலி.