மூன்றாம் நினைவூட்டல்

அன்புள்ள திரு ஓபர்மோசர்,
'அன்புள்ள' என்பது வெறும் வழக்கம்.
பதினோராயிரத்து இருநூற்று நாற்பது சொல்,
சொல்லுக்கு ஒன்பது சென்ட்.
ஆயிரத்துப் பதினோரு யூரோ அறுபது சென்ட்
நூற்றிரண்டு நாளாக
கிராட்ஸிலிருந்து திரியெஸ்தேவுக்கு
நடந்தே வருகிறது போலும்.
ரயிலுக்கு அரை நாள்கூட ஆகாது.

இன்று இங்கே போரா வீசுகிறது.
எங்கள் ஏற்றத்தில் ஒரு குப்பைத்தொட்டி
துறைமுகம் பார்த்துத் தானாக உருள்கிறது.
உங்கள் பணத்தைவிட அதற்கு அவசரம்.

நீங்கள் கேட்டதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்:
கப்பல் முகவர் அலுவலகத்தில் ஏழு வருடம்
சரக்குச் சீட்டுக்கு முத்திரை குத்தினேன்.
விலகிய அன்று என்னிடம் இருந்தவை
ஸ்லொவேனியம் பேசும் வீடு,
இத்தாலியம் போதித்த பள்ளிக்கூடம்,
இரவு வகுப்பில் வாங்கிய ஜெர்மன்,
நான்கு மாத வாடகை.

முதல் வேலை, காதில் மாட்டும் கருவிக்குத் துண்டுச்சீட்டு.
சொல்லுக்கு நான்கு சென்ட்.
ஒரு காப்பிக்கு முப்பத்தைந்து சொல்
என்று கணக்குப் பார்த்துக் குடித்தேன்.
நீளச் சொல்லைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்:
நான்கு சொல்லை ஒட்டவைத்து
ஒன்று என்று எண்ணும் மொழி உங்களுடையது.

அப்புறம் மாவு பிசையும் இயந்திரம்.
மூன்று வருடமாகிறது, மறந்திருப்பீர்கள்.
நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி:
'நின்ற பின் கையை விடவும்.'
எது நின்ற பின்?
மோட்டாரா, மாவைப் புரட்டும் கரமா?
உங்களைக் கேட்டேன்.
'கேள்விகளுக்குக் கட்டணம் கிடையாது' என்று எழுதினீர்கள்.
நீங்கள் அனுப்பியதிலேயே
தெளிவான வாக்கியம் அதுதான்.

மனம் கேட்கவில்லை. ஆலைக்கே போன் போட்டேன்.
ஹெல்கா ஷ்டைன்வெண்டர் என்ற பொறியாளர்
'இருங்கள்' என்று போனை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.
தொலைவில் ஒரு பொத்தான் விழுந்தது.
இரைச்சல் அடங்கியது.
அவர் எண்ணுவது கேட்டது:
ஐன்ஸ், ட்ஸ்வை, ட்ரை…
பதினொன்றில் நிறுத்தினார்.
மோட்டார் அடங்கிப் பதினொரு நொடி
ஓசையே இல்லாமல்
சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது கரம்.
திரும்பி வந்தவர்
கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

'சத்தம் நின்றதை நம்பாதே.
கண்ணால் பார். அப்புறம் கை.'
இரண்டு மொழியிலும் அப்படித்தான் எழுதினேன்.
மூலத்தையும் அவர்கள் திருத்திக்கொண்டார்கள்.
நீங்கள் மூலச் சொல்லுக்குத்தான் காசு தருவீர்கள்;
கூடுதல் சொற்களை நானே போட்டுக்கொண்டேன்.

உங்கள் வாடிக்கையாளரை ஒரு வருடம் தொடக்கூடாது
என்றது நம் ஒப்பந்தம்.
நான் தொடவில்லை.
ஒரு வருடமும் ஒரு நாளும் கழிந்த காலையில்
ஷ்டைன்வெண்டர்தான் அழைத்தார்.
பதினான்கு சென்ட் கேட்டேன்,
குரல் நடுங்காமலிருக்க நின்றுகொண்டே.
அதே வாரம் மற்றவர்களுக்கும் விலையை ஏற்றினேன்.
மூன்று வாரம் ஒரு மின்னஞ்சல் இல்லை.
குளிர்சாதனப் பெட்டியின் உள்ளே
வேகமாய்த் தேய்த்துத் துடைத்தேன்; வேறென்ன செய்ய?
நான்காம் வாரம் ஐந்து பேரில் மூவர் திரும்பினர்.
மற்ற இருவரும் யாரிடம் போனார்கள் தெரியாது.
நான்கு சென்ட்டில் இன்னொருத்தி
எங்கோ காப்பியை எண்ணிக்கொண்டிருப்பாள்.
அவள் எண் கிடைத்தால் ஒன்று மட்டும் சொல்வேன்:
கேள்வி கேள், காசு கிடையாவிட்டாலும்.
அதையும் விலையில் சேர்க்க
ஒரு நாள் வரும்.

இங்கே வரை எழுதிப் படித்துப் பார்த்தேன்.
பிழையில்லை. நடையும் பரவாயில்லை.
மொத்தத்தையும் அழித்தேன்.

'பற்றுச்சீட்டு எண் நாற்பத்தேழு.
தொகை இணைப்பில்.
வெள்ளிக்கிழமைக்குள்.
நிவெஸ் கிராவன்யா.'

பெயரோடு எட்டுச் சொல்.
உங்கள் மொழியில் இன்னும் ஒட்டலாம்.

அனுப்பியதும் காற்று அடங்கினாற்போல் இருந்தது.
நம்பாமல் எழுந்து போய்ப் பார்த்தேன்.
எதிர்வீட்டுக் கொடியில் யாருடையதோ ஒரு சட்டை
இன்னும் கை வீசிக்கொண்டிருந்தது.